சங்கத்து வேர்ட் ஃபைல்

உப்புக் காற்றில் துருப்பிடித்த சிபியூவின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால்தான் உள்ளே ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். அந்தக் கரகர சத்தம் இன்னும் காதில் இருக்கிறது...

உச்சிப்புளியில் ஒரு டைப்பிங் சென்டர். படிப்பு முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை. மீனவர் சங்கத்து மனுக்கள் எல்லாம் எங்களிடம்தான் வரும். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கென்றே ஒரு வேர்ட் ஃபைல் இருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம். போட்டோ, வயது, அங்க அடையாளம்.

அதற்கு ஒரு வழக்கம் உண்டு. திரும்பி வந்தவர் கடைக்கு வந்து, தன் பக்கத்தைத் தானே டெலீட் பண்ண வேண்டும். வேறு யாரும் கை வைக்கக் கூடாது. நான் செலக்ட் பண்ணிக் கொடுப்பேன், அவர் ஒற்றை விரலால் அழுத்துவார். அன்றைக்குக் கடை முழுக்க அல்வா.

வராதவர்களின் பக்கம் அப்படியே கிடக்கும். ஃபைல் வீங்கிக்கொண்டே போனது. திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

"ரெண்டா பிரிச்சு வைப்போம்ணே" என்று சங்கச் செயலாளரிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்.

"போனது ஒரே கடலுக்குத்தான... ஒண்ணாவே கெடக்கட்டும்மா" என்பார்.

ஒருநாள் ஃபைல் திறக்கவே இல்லை.

அன்றைக்குப் பார்த்துத்தான் புதுமடத்து நூர்ஜஹான் அக்கா வந்து உட்கார்ந்திருந்தார். அவர் கணவர் படகோடு காணாமல் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. எங்கோ தூரத்து ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிய ஒருவர் இருக்கிறார், போட்டோ அனுப்புங்கள் என்று சேதி. வீட்டில் இருந்த ஒரே போட்டோ பழைய மனுவோடு போனது, திரும்பவில்லை.

"எம் புள்ள அவுக அத்தா மொகத்த இந்தப் பொட்டிக்குள்ளதாம்மா பாத்துருக்கு. போயிருச்சா?"



முதலில் ஃபைலை ஒரு காப்பி எடுத்தேன். ரிப்பேர் கொடுத்துத் திறந்தேன். எழுத்தெல்லாம் வந்தது, படம் இருந்த இடத்தில் மட்டும் சிவப்பு எக்ஸ். கோளாறு கடைசி வரியில் ஒளிந்திருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் புது ஃபைலுக்கு மாற்றினேன். அப்போதும் எக்ஸ்தான். அக்கா வாய்க்குள் ஓதிக்கொண்டே இருந்தார்.

கடைசியாக வெப் பேஜாக சேவ் பண்ணிப் பார்த்தேன். படங்கள் தனித்தனியாகப் பிரிந்து ஒரு ஃபோல்டரில் வந்து விழுந்தன! ஒவ்வொன்றாகத் திறந்தேன். யார் யாரோ முகங்கள்... பிறகு ஒரு கட்டம் போட்ட சட்டை, நெற்றியில் தழும்பு.

"இவுகதான்... மூடிறாதம்மா, செத்த நேரம் இருக்கட்டும்."

மூடவில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் அவர் இல்லை.

இப்போது ராமநாதபுரத்தில் எனக்கே ஒரு கடை இருக்கிறது. கிளவுட், பேக்கப் என்று எல்லாம் வந்துவிட்டது. குழந்தை தும்மினால்கூட நூறு போட்டோ எடுக்கிறோம். ஆனாலும் புது கம்ப்யூட்டர் வாங்கினால் நான் முதலில் திறந்து பார்ப்பது, படங்களை மறுபடி சேர்த்துக் கையோடு கொண்டுவந்த அந்த ஃபைலைத்தான்.

நோன்புப் பெருநாளுக்கு அக்கா போன் பண்ணுவார். நலம் விசாரித்துவிட்டு, கடைசியில் மெதுவாகக் கேட்பார்.

"தெறக்குதாம்மா?"

"தெறக்குதுக்கா."

இடம் அடைக்கிறதே, பழசையெல்லாம் எடுத்துவிட்டால் என்ன என்று கடையில் கேட்கிறார்கள். நான் எப்படி எடுப்பேன்? அந்தப் பக்கத்தை அழிக்க வேண்டியவர் இன்னும் வரவில்லை.