தடுப்பணைக்குக் கீழே ஆடி அமாவாசை

போன வாரம் கிங்ஸ்பரியில் வெந்தயம் வாங்கப் போன கடையில், கறுப்பு எள் பொட்டலங்களைக் குவித்து 'ஆடி அமாவாசை' என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். வெந்தயம் வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். வீட்டில் கேட்டதற்கு மறதி என்றேன். வயது ஏறுவதில் இது ஒரு வசதி.

உங்களிடம் சொல்வதற்கென்ன, அது மறதி இல்லை. வெட்கம்.

இரண்டாயிரங்களின் நடுவில், சென்னையிலிருந்து இந்த வெள்ளைக்கார ஊருக்கு வந்த புது எஞ்சினியராக ஒரு சின்ன ஆலோசனை நிறுவனத்தில் இருந்தேன். மோர்டன் பக்கம் ஓடும் ஆற்றில் ஒரு பழைய மாவு மில். அதன் தடுப்பணையில் டர்பைன் வைத்து மின்சாரம் எடுத்தார்கள். உரிமத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. டர்பைனுக்கு எவ்வளவு தண்ணீர், கீழே பழைய ஓடைக்கு எவ்வளவு என்பதுதான் இழுபறி. தூண்டில்காரர்கள் ஒரு பக்கம், படகுக்காரர்கள் ஒரு பக்கம். ஓடைக்கு யார் யார் வருகிறார்கள் என்று கரையில் உட்கார்ந்து படிவம் நிரப்புவது என் வேலை. தூண்டில், படகு, நடை, பிற என்று நான்கு கட்டங்கள். தண்ணீரில் இறங்கவே தேவையில்லாத அந்த வேலைக்கு, இடுப்புவரை வரும் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு டியூப் ரயிலில் பெருமையாகப் போவேன்.

ஆடி அமாவாசைக் காலையில், அணைக்குக் கீழே அந்தப் பழைய ஓடையில் இருந்த மடுவில் பத்துப் பதினைந்து தமிழர்கள் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஷிப்டுக்கு லீவு போட்டு வந்தவர்கள். அப்பா இல்லாதவர்கள். எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். மோர்டனில் கடை வைத்திருந்த சிவநேசன் அண்ணை என்னிடம் வந்தார்.

"தம்பி இந்தியாவோ? என்ன எழுதுறியள்?"

"யார் யார் வர்றாங்கன்னு கணக்கு எடுக்கறேன் அண்ணே. அதைப் பாத்துதான் தண்ணி விடுவாங்க."

"அப்ப எங்களையும் எழுதுங்கோ. அப்பான்ரை சாம்பலை இதிலைதான் கரைச்சனான். ஊரிலை கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போகேலாது, அங்கை ஆமிக்காரர் நிக்கினம்."

"கண்டிப்பா எழுதறேன்."

எழுதவில்லை. என் மேலதிகாரி படித்துவிட்டு, 'உங்கள் ஆட்களா?' என்று கேட்பாரே என்று நினைத்தபோதே காது சூடாகிவிட்டது. வெள்ளைக்காரர்கள் நாயுடன் நடக்கும் கரையில் நாம் சாம்பல் கரைக்கிறோம் என்று நானே எப்படி எழுதுவது? எழுதினால் உள்ளூர் கவுன்சில் இதைத் தடுத்துவிடும், எழுதாததே அவர்களுக்கு நல்லது என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். 'பிற' கட்டத்தில் சுழியம் போட்டேன்.

அறிக்கை அருமையாக வந்தது. விலாங்குகள் அணையேறத் தனி வழி, மேலே படகுக்கு ஆழம், டர்பைனுக்கு அதன் பங்கு. பழைய ஓடையைக் கோடையில் யாரும் பயன்படுத்துவதில்லை, எனவே சிறிது தண்ணீர் போதும் என்ற வாக்கியம் என்னுடையது. நல்ல ஆங்கிலம் என்று பாராட்டினார்கள்.

அடுத்த ஆடி அமாவாசைக்கு நீரளவு பார்க்கப் போனேன். மடுவில் கல்லும் பாசியும்தான். நாலைந்து பேர்தான் வந்திருந்தார்கள். சிவநேசன் அண்ணை கடையிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, எள்ளோடு சேர்த்துக் கல்லின்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"நீங்கள் எழுதினனீங்கள்தானே தம்பி?"

"எழுதினேன் அண்ணே."

"ஓம், உங்களிலை பிழையில்லை. எங்களை ஆர் கணக்கெடுக்கிறான்?" என்று சொல்லி, போத்தலில் மிஞ்சியிருந்த தண்ணீரைக் குடிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். வெயில் அதிகம் என்றார். வாங்கிக் குடித்தேன்.

பிறகு மில் அடுக்குமாடி வீடாகி, டர்பைனைக் கழற்றிவிட்டார்கள். இப்போது ஓடையில் தண்ணீர் தாராளமாக ஓடுகிறது, மடு நிறைந்து கிடக்கிறது. இந்த ஆடி அமாவாசைக்கு லீவு போட்டுப் போய் மத்தியானம்வரை அங்கே நின்றேன். ஒருவரும் வரவில்லை.