நான் சேர்த்த ஒரு வரி

சண்டை பிடிக்க ஆள் இல்லாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்கு நாற்பத்தாறு வயதில்தான் விளங்கியது. கணவரோடு பிடிக்கும் சண்டை கணக்கில் வராது. அவர் இரண்டாவது வாக்கியத்திலேயே "சரி, சரி" என்று எழும்பிப் போய்விடுவார். நான் சொல்வது வாதம் பண்ணுவதற்கென்றே பிறந்த ஒரு மனிதரைப் பற்றி.

மாத்தளை மாவட்டத்து நாலந்தாவிலிருந்து உள்ளே போகும் பாதையில் இருக்கிறது எங்கள் பாடசாலை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அங்கே நான் சிங்களம் படிப்பிக்கிறேன். நான் சொன்ன அந்த மனிதர் அங்கே கணித ஆசிரியர். மாத்தளையில் பஸ் ஏறுவார். நான் அலுவிகாரையில் ஏறுவேன். மூன்றாவது வரிசை ஜன்னலோரம் தன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். நான் ஏறியதும் பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு நேர் பின் வரிசைக்குப் போய்விடுவார். நான் முஸ்லிம் பெண், அவர் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒன்றாக உட்கார்ந்து ஊர் வாயில் விழ இரண்டு பேருக்குமே ஆசை இல்லை. அதனால் அவருடைய வாதமெல்லாம் என் பிடரிக்குப் பின்னாலிருந்துதான் வரும். திரும்பித் திரும்பிப் பதில் சொல்லி, பாடசாலைக்குப் போய்ச் சேரும்போது எனக்குக் கழுத்து பிடித்திருக்கும்.

"என்னங்க டீச்சர், உங்க அரசாங்கம் இன்னைக்கு யாரு வாயை மூடப் போகுது?" என்று தொடங்குவார். அவருக்கு நான் டீச்சர், எனக்கு அவர் சேர். அரசாங்கம் என்னுடையது இல்லை. ஆனால் இணையத்துக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்று நான் சொன்ன நாளிலிருந்து எந்த ஆட்சி வந்தாலும் அதை என் தலையில் கட்டிவிடுவார்.

எனக்குக் காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் பக்கத்து மாவட்டத்தில் எங்கள் ஆட்களின் கடைகள் எரிந்தபோது, ஃபோனில் பரவிய பொய்கள்தான் கூட்டத்தைச் சேர்த்தன. மாத்தளையில் புடவைக் கடை வைத்திருக்கும் என் நானா, அதாவது என் அண்ணன், ஷட்டரை இறக்கிவிட்டு நாட்கணக்கில் வீட்டில் குந்தியிருந்தார். அரசாங்கம் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் அடைத்த அன்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிட்டோம். அதை நான் மறக்கவில்லை.

"அதே நாள்ல எங்க அக்கா சவூதியில உக்காந்து அழுதுகிட்டு இருந்துச்சுங்க டீச்சர். வீட்டு ஆளுங்க உசிரோட இருக்காங்களான்னு கேக்க வழியில்ல. அடைச்சவன் பொய்யை மட்டுமா அடைச்சான்?"

"பொய்ய மட்டும் அடைக்கத்தானே சேர் ஒரு சட்டம் வேணும்னு சொல்றேன்."

"எது பொய்னு யாருங்க சொல்றது?"

"அதுக்கு ஒரு குழு போடுவாங்க."

"குழுவை யாருங்க போடுறது?"

இந்தக் கேள்விக்கு வரும்போது பெரும்பாலும் பலாபத்வல சந்தி வந்துவிடும். சனம் ஏறும், எனக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். நிகழ்நிலைக்கென்று, அதாவது இணையத்துக்கென்று, உண்மையிலேயே ஒரு சட்டம் கொண்டுவந்தபோது அதன் தமிழ்ப் பிரதியை ஃபோனில் இறக்கி, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று எனக்கு வாசித்துக் காட்டினார். பத்திரிகையில்கூட அவ்வளவு படித்திருக்க மாட்டேன். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவரும்தான். அந்தக் காலைகள் எவ்வளவு நன்றாக இருந்தன என்பது அப்போது தெரியவில்லை.

பிறகு பாலம் போனது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள். ஒரே மழையில் பலகைப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட, சப்பாத்தைக் கழற்றி ஷொப்பிங் பையில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்தார்கள். புதுப் பாலத்துக்கு அரசியல்வாதிகள் ஏற்கெனவே இரண்டு தடவை அடிக்கல் நாட்டியிருந்தார்கள். அவர் ஒரு படம் எடுத்து முகநூலில் நான்கு வரி எழுதினார். பாலம் போய்விட்டது, பிள்ளைகள் இப்படித்தான் வருகிறார்கள், யாராவது வந்து பாருங்கள். அவ்வளவுதான். கணித ஆசிரியர் எழுதினால் அப்படித்தான் இருக்கும்.

"தமிழ்ல போட்டா எந்த ஒஃபீஸ்ல சேர் வாசிப்பாங்க? நான் சிங்களத்துல எழுதித் தாறேன்" என்றேன்.

அவர் சிங்களம் பேசினால் சிங்களவரே ஊர் எது என்று கேட்க மாட்டார்கள். வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவார். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். சந்தையிலும் பஸ்ஸிலும் காதால் பிடித்த மொழி. நானோ சிங்கள டீச்சர், அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் கூடுதல். நான்கு வரியையும் அழகாக மாற்றினேன். மாற்றியபின் சப்பென்று இருப்பதாகப் பட்டது. ஐந்தாவதாக என் சொந்த வரி ஒன்றைச் சேர்த்தேன்: 'இரண்டு தடவை நாட்டிய அடிக்கற்கள் இப்போது யாருடைய வீட்டு அத்திவாரத்தில் இருக்கின்றன?' அவர் வாசிக்கவில்லை. நான் அனுப்பியதை அப்படியே எடுத்துத் தன் பெயரில் போட்டார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

இரண்டு நாளில் ஊரெல்லாம் அதைப் பகிர்ந்தது. மூன்றாம் நாள் அவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எந்த அலுவலகம், கூப்பிட்டது யார் என்பதை நான் இங்கே எழுத மாட்டேன். எழுத எனக்குப் பயம்.

ஒரு வாரம் கழித்துத்தான் பாடசாலைக்கு வந்தார். இடைவேளையில் ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய் நின்றேன்.

"அந்தக் கடைசி வரி நான் சேர்த்தது சேர். நான் போய்ச் சொல்றேன்."

"அவங்க வாசிச்சுக் காட்டினப்பதாங்க டீச்சர் நானே அதைக் கேட்டேன். நல்லாத்தான் இருந்திச்சு" என்று சிரித்தார். "நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டேன்."

"ஏன் சேர் அப்படிச் சொன்னீங்க?"

"வேற யாரு பேரைச் சொல்றதுங்க? உங்க நானா கடை கண்ணுக்குள்ள வந்திச்சு."

ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. சிங்களத்தில் எழுதிய ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம். அதில் என்ன இருந்தது என்று கேட்டேன். அதையும் வாசிக்கவில்லை என்றார். முகநூல் கணக்கை முழுவதும் அழித்துவிட்டார். நானா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வாயப் பொத்திக்கொண்டு இரி" என்றார். நானும் இருந்தேன். அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

எனக்கு இடம் பிடிப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. அலுவிகாரையில் நான் ஏறும்போது மூன்றாவது வரிசையில் பை இருக்கும். அதை எடுத்துக்கொண்டு, பின் வரிசையில் உட்காராமல், பஸ்ஸின் கடைசி வரைக்கும் போய்விடுவார். எனக்குப் பின்னால் வேறு யாராவது உட்கார்ந்து இருமுவார்கள். கழுத்து வலி சுகமாகிவிட்டது. அந்த வலி திரும்ப வராதா என்று இருக்கிறது. செய்தியில் எதையாவது பார்த்தால் அவர் என்ன சொல்வார் என்று எனக்கே தெரியும். அதை அவருக்காகச் சொல்லிப் பார்க்கிறேன், எனக்கு நானே பதில் சொல்கிறேன், நானே தோற்கிறேன். ஆனால் அது அவருடைய குரல் இல்லையே. ஒரு வேற்று ஆணின் குரலுக்கு ஏங்குகிறேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஏக்கத்துக்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. யாரும் என்னவும் நினைக்கட்டும்.

போன மாதம் அந்தச் சட்டத்தைத் திருத்தப்போவதாக வானொலியில் சொன்னார்கள். அடுத்த நாள் காலை அவர் பையை எடுத்ததும் நான் மூன்றாவது வரிசையில் உட்காரவில்லை. அவர் பின்னாலேயே நடந்து, கடைசி வரிசையில், அவருக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன்.

"சட்டத்தத் திருத்தப் போறாங்களாம் சேர். திருத்தி என்ன? குழுவ யாரு போடுறது?"

அவருடைய கேள்வியைத்தான் அவரிடமே கேட்டேன். பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நீங்க அப்ப சொன்னதுதாங்க டீச்சர் சரி. ஒரு கட்டுப்பாடு வேணும்."

இத்தனை வருடமாக இந்த ஒரு வாக்கியத்தை அவர் வாயிலிருந்து பிடுங்கத்தான் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். இப்போது அது கையில் கிடைத்தது.

"இல்ல சேர், நான் சொன்னது பிழை! நீங்கதான் சரி. நான் சொன்னது பிழைன்னு சொல்லுங்க, ஏசுங்க என்னை!"

சத்தம் போட்டுவிட்டேன் போல. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். பக்கத்திலிருந்த இவர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "மெதுவாப் பேசுங்க டீச்சர். யாராச்சும் கேட்டுடப் போறாங்க" என்றார்.

எல்லாம் நாங்கள் தினமும் பார்க்கும் முகங்கள்தான். எங்கள் இரண்டு பேரைத் தவிர அந்த பஸ்ஸில் தமிழ் விளங்கும் ஒருவர்கூட இருக்கவில்லை.