இரண்டு அடுப்புக்கு ஒரு மாத்திரைப் பொட்டலம்

சர்க்கரை வியாதிக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில் எல்லாரும் வெறும் வயிற்றோடுதான் வர வேண்டும். விரலில் குத்தி ரத்தம் பார்த்த பிறகு சாப்பிடலாம். ஒருநாள் மலைப்பக்கத்திலிருந்து நடந்தே வந்த கிழவர் ஒருவர் ரத்தம் கொடுத்துவிட்டு, அத்திமரத்தில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவரிடம் சாப்பாட்டு மூட்டையும் இல்லை, கூட வந்த ஆளும் இல்லை. நியாசவூலா தன் துணி முடிச்சை அவிழ்த்தாள். அவித்த மரவள்ளிக் கிழங்கை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கு இன்னைக்கு இதப் பாத்தாலே குமட்டுது. தூக்கிப் போட மனசு வரல. நீங்க தின்னுடுங்கப்பா."

பிறகு என்னிடம் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டாள். ஒரு குவளை குடித்துவிட்டு இன்னொரு குவளை கேட்டாள். அன்று மதியம் வரை அவள் வயிற்றில் அந்தத் தண்ணீர்தான் இருந்தது. குமட்டல் எதுவும் இல்லை என்று அவள் கிழங்கைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்தது.

நான் அந்தச் சிறு ஆஸ்பத்திரியில் தரை கழுவுகிறவள். ஏரிக்கரையில் எங்கள் ஊர்க் கோடியில் இருக்கிறது அது. நியாசவூலா என் அண்டை வீட்டுக்காரி. தேவாலயப் பெண்கள் சங்கத்தில் நாங்கள் இருவரும் ஒரே வரிசையில் நின்று பாடுகிறவர்கள். அவள் குரல் பெரிதில்லை. ஆனால் பாட்டு முடியும் வரை நிற்கும்.

அவள் கணவர் கும்வெண்டா மீன் பிடிக்கிறவர். அவருக்கு இரண்டு மனைவிகள். நியாசவூலா மூத்தவள். இளையவள் பெயர் ட்ரைனெஸ். ஒரே முற்றம், இரண்டு குடிசை, இரண்டு அடுப்பு. கும்வெண்டா படகிலிருந்து வந்ததும் உசிபா என்ற பொடி மீனை ஒரே பாயில் கொட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். மூத்தவள் அதை இரண்டு குவியலாகப் பிரிக்க வேண்டும். இளையவள் தனக்கு வேண்டிய குவியலை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிக்கிறவளுக்கு மிஞ்சியதுதான். சோப்பு வந்தாலும், உப்பு வந்தாலும், துணி வந்தாலும் எங்கள் பக்கம் இப்படித்தான். சண்டை வராமலிருக்க எங்கள் பெரியவர்கள் செய்து வைத்த ஏற்பாடு. சண்டை வந்துகொண்டுதான் இருந்தது, அது வேறு. ஆனால் குவியலைப் பற்றி வந்ததில்லை.

ஒரு வருஷம் பெரிய நகரத்திலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். வீடு வீடாகப் போய்க் கையில் பட்டை கட்டி பிரஷர் பார்த்தார்கள், விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். ஏரிக்கரையில் இத்தனை பேருக்கு இந்த வியாதி இருக்கும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. காலில் எரிச்சல், கண்ணில் மங்கல், ஓயாத தாகம் எல்லாவற்றையும் வயசு என்றும் சூனியம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தோம். நியாசவூலாவுக்கும் இருந்தது. ட்ரைனெஸுக்கும் இருந்தது.

ஒரு புது மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று அவர்கள் பார்க்க வந்திருந்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு ஆளுக்குத்தான் கொடுப்பார்களாம். ஒரே வீட்டில் இரண்டு பேருக்குக் கொடுத்தால் மருந்து கலந்து போய்விடும் என்றார்கள். வீடு என்று அவர்கள் எண்ணியது ஆம்பளையை வைத்து. நாங்கள் எண்ணுவது அடுப்பை வைத்து. அதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கும்வெண்டா வீட்டுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். நியாசவூலாவின் பெயர் வந்தது.

ட்ரைனெஸை அரசாங்க மருந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அரசாங்க மருந்து எங்கள் ஆஸ்பத்திரி ஜன்னலில் கொடுப்பது. பல மாதம் அந்த ஜன்னல் சாத்தியே இருக்கும். "வரல, அடுத்த வாரம் வந்து பாருங்க" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும். அந்த ஜன்னல் கட்டையைத் துடைக்கிறவள் நான். தூசிதான் இருக்கும்.

நியாசவூலா தன் பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டு போனாள். பாயை விரித்தாள். மாத்திரைகளை இரண்டு குவியலாகப் பிரித்தாள். ட்ரைனெஸைக் கூப்பிட்டு, "உனக்கும் சேத்துத்தான் குடுத்திருக்காங்க, எடுத்துக்க" என்றாள். எல்லா மாத்திரையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு மாதமும் ட்ரைனெஸ் இரண்டு குவியலையும் குனிந்து பார்த்து, யோசித்து, ஒன்றை எடுத்துக்கொள்வாளாம். இதெல்லாம் எங்களுக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

மாதாமாதம் ரத்தம் பார்ப்பவர் லோங்வே. டாக்டர் இல்லை, டாக்டருக்கு ஒரு படி கீழே உள்ள படிப்பு படித்தவர். நாங்கள் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு ஊரையே பார்க்க வேண்டியிருந்தது அவருக்கு. மதியத்துக்குப் பிறகு அவர் குரலில் பொறுமை தீர்ந்துவிடும்.

"என்னம்மா இது, சர்க்கரை இறங்கவே மாட்டேங்குது? களியை மலை மாதிரி குவிச்சு வச்சுச் சாப்பிடுறீங்களா?"

"இல்லீங்க ஐயா."

"டீயில எத்தனை கரண்டி போடுறீங்க?"

"போடறதே இல்லீங்க."

"அப்போ சர்க்கரை காத்துல வருதா?"

பெஞ்சிலிருப்பவர்கள் சிரிப்பார்கள். "ஏரித் தண்ணியிலேயே இனிப்பு இருக்கு டாக்டர்" என்று யாராவது சொல்வார்கள். நியாசவூலாவும் சிரிப்பாள். பிறகு அவள் எழுந்து வெயிலில் நடப்பதைப் பார்த்தால், சற்று முன் சிரித்தவள் போல இருக்காது. களைத்துப்போயிருந்தாள். எங்கள் ஊரில் எல்லாருமே களைத்துப்போனவர்கள்தான். அவள் களைப்பு ஆழமாக இருந்தது, உட்கார்ந்தாலும் போகாதது.

லோங்வே மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். அன்று மட்டும் அவள் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். "அதிகமா குடுத்திருக்காங்க, நியாஹராவா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வியாதி கூடியதற்குச் சந்தோஷப்படுகிறாளே என்று நினைத்தேன்.

ஒரு முறை திருவிருந்து முடிந்து வெளியே வந்தபோது அவள் முகம் சரியில்லை. இரண்டாம் மனைவிக்கு எங்கள் சபையில் திருவிருந்து கிடையாது. ட்ரைனெஸ் பின் வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பாள். நியாசவூலா மெதுவாகச் சொன்னாள்: "நான் அவளுக்குக் குடுக்காம சாப்பிடறது இந்த ஒரு துண்டு அப்பத்தத்தான். இறங்க மாட்டேங்குது." நான் கர்த்தர் அறிவார் அக்கா என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

அந்த மழைக்காலத்தில் மீன் காயவைக்கும் பரணின் கம்பி அவள் பாதத்தில் கீறியது. சின்னக் கீறல். அது ஆறவில்லை. லோங்வே அதைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"இனிமே மாத்திரை வேணாம். உங்க உடம்பு மாத்திரைக்குக் கேக்கல. ஊசி போட்டுக்கணும், தினமும். இல்லன்னா இந்தக் கால் போயிடும்மா."

"மாத்திரையே குடுங்க ஐயா."

"ஊசிக்குப் பயமா? மீன் முள்ளு குத்தாத நாள் இருக்கா உங்களுக்கு?"

"பயம் இல்லீங்க. மாத்திரையே போதும்."

அவர் எவ்வளவோ சொன்னார். நானும் துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு வந்து சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே, மாத்திரைப் பொட்டலம் கைக்கு வரும் வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. பிடிவாதக்காரி என்று பெஞ்சில் பேசிக்கொண்டார்கள். ஊசி எடுத்துக்கொண்டால் மாத்திரை நின்றுவிடும். மாத்திரை நின்றால் பாயில் பிரிக்க ஒன்றும் இருக்காது. ஊசி மருந்தை இரண்டாகப் பிரிக்க முடியாது. இது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அடுத்த மாதம் அவளால் தனியாக நடந்துவர முடியவில்லை. ட்ரைனெஸ் தோள் கொடுத்துக் கூட்டிவந்தாள். இருவரும் வழியெல்லாம் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

"மெதுவா நட அக்கா, நான் என்ன கழுதையா?"

"கழுதையா இருந்தா இந்நேரம் வந்து சேந்திருப்போம்."

லோங்வே ரத்தம் பார்த்தார். பாதத்தைப் பார்த்தார். அன்று அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"இவ்வளவு மாத்திரை ஒரு மாட்டுக்குக் குடுத்திருந்தாக் கூட சர்க்கரை இறங்கியிருக்கும்! எங்கம்மா போகுது? நீங்க சாப்பிடுறீங்களா, இல்ல வீட்டுல ஆடு எதுவும் திங்குதா?"

பெஞ்சில் வழக்கம்போலச் சிரித்தார்கள். ட்ரைனெஸ் சிரிக்கவில்லை. அவள் நியாசவூலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு லோங்வேயைப் பார்த்தாள்.

"அந்த ஆடு நான்தாங்க ஐயா" என்றாள்.

நியாசவூலா பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் குடுக்கிறாங்கன்னு சொன்னியே அக்கா?"

"சேத்துத்தான்" என்றாள் நியாசவூலா. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் சேத்தேன்."

"உன்ன யாரு சேக்கச் சொன்னது? நான் கேட்டனா? கால் அழுகிப் போற வரைக்கும் வாயத் தொறக்காம... நாளைக்கு ஊரு என்ன சொல்லும்? சின்னவ மூத்தவளத் தின்னுட்டான்னு சொல்லும். அதுக்கா எனக்கு மாத்திரை குடுத்தே?" கத்திவிட்டு அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

லோங்வே நாற்காலியை நியாசவூலா பக்கம் இழுத்துப் போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்க."

அவர் இல்லை என்று சொல்லவில்லை. "நிறுத்தித்தான் இருப்பாங்க. நானில்ல, மேல உள்ளவங்க. ஆனா உங்களுக்கு மருந்தே சரியாப் போகலம்மா. நான் மருந்து கேக்கலன்னு எழுதிட்டு உக்காந்திருக்கேன்."

அவர் நகரத்துக்குத் தெரிவித்தார். அவளை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அவர்கள் இங்கே இருக்கும் வரை ஊசி மருந்து கொடுக்கச் சம்மதித்தார்கள். ட்ரைனெஸைச் சேர்க்கவில்லை, சட்டம் அப்படி. லோங்வே எங்கிருந்தோ அரசாங்க மாத்திரை தேடிப் பிடித்து அவளுக்குக் கொடுத்துவந்தார். நியாசவூலா ஊசி மருந்தை, சூட்டில் கெடாமலிருக்க, ஈர மணலில் புதைத்த மண்பானைக்குள் வைத்துக்கொண்டாள். சில மாதங்கள் இருவரும் தேறினார்கள். புண் சுருங்கியது. அவள் மறுபடி சங்கத்தில் நின்று பாடினாள். நான் அதற்காகக் கர்த்தரைத் தோத்திரித்தேன். இன்றும் அந்த மாதங்களுக்காகத் தோத்திரிக்கிறேன்.

பிறகு ஆராய்ச்சி முடிந்தது. பந்தல் போட்டு எங்களை எல்லாம் அழைத்து நன்றி சொன்னார்கள். சுவரில் வெளிச்சப் படம் காட்டினார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் கூட்டத்துக்கு ஆளுக்கொரு இனிப்புச் சோடா கொடுத்தார்கள். "குடிச்சுட்டு வந்து ரத்தம் காட்டவா டாக்டர்?" என்று ஒருவர் கேட்க, லோங்வே தலையில் கைவைத்துக்கொண்டார். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று பெரியவர் ஒருவர் சொன்னபோது நியாசவூலா கம்பை ஊன்றி எழுந்தாள்.

"அடுத்த மாசம் எங்களுக்கு யாருங்க குடுப்பாங்க?"

"சுகாதாரத் துறைக்குச் சொல்லியிருக்கோம்மா."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"சொல்லியிருக்கோம்" என்றார் அவர் மறுபடியும். அவருக்கும் அதற்கு மேல் தெரியாது போல. அவள் உட்கார்ந்துகொண்டாள்.

ஊசி மருந்து கொஞ்ச நாள் வந்தது, பிறகு நின்றது. லோங்வேயை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஜன்னல் சாத்தியது சாத்தியபடி இருந்தது. கோடையில் அவள் பாதம் கறுத்தது. போமாவிலிருக்கும் ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்க் காலை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மீன் கூடை ஏற்றிப்போகும் வண்டியில் அவளைத் தூக்கி உட்காரவைத்தோம். கும்வெண்டா பக்கத்தில் அவள் தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ட்ரைனெஸ் வழியனுப்ப வரவில்லை. அன்று காலையில்தான் ஜன்னல் திறந்திருந்தது. மாத்திரை வந்திருக்கிறது என்று கேட்டதும் நியாசவூலாதான் அவளைத் திட்டி விரட்டினாள், வரிசையில் போய் நில் என்று.

நான் சங்கத்தின் சார்பில் ஜெபம் செய்தேன். அவள் ஆமென் சொன்னாள். போமாவிலிருந்து அவள் உயிரோடு திரும்பி வரவில்லை. வண்டி கிளம்பும்போது அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"அவ அந்த மாத்திரையில பாதிய எடுத்து எனக்குன்னு முடிஞ்சு வைப்பா, நியாஹராவா. எனக்கு அவளத் தெரியும். வேணாம்னு சொல்லு. பக்கத்துல நின்னு, அவ முழுசா முழுங்கறதப் பாத்துட்டு வா."