ஒரு வயதுப் பாப்பாவுக்கும் பத்தாத சீனச் செருப்பு

போன ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவில் போய் வந்தேன். காரணம் பதவி உயர்வு. பதினாறு வயதிலேயே நான் தாய்மாமன். என் அக்கா கோமதியின் ஒரு வயது மகளுக்குக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். உட்கார்த்தி வைக்கத் தாய்மாமன் மடி வேண்டும், அந்த மடி என்னுடையது. கோயிலைப் பற்றி எழுதலாம் என்றுதான் கிளம்பினேன். எழுத வேண்டியது வேறு ஒன்றாகிவிட்டது.

திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் காலை 5.40க்கு பஸ். மானூர், தேவர்குளம், பனவடலிசத்திரம் வழியாக ஏறத்தாழ 55 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரப் பயணம். கையில் கால் கிலோ அல்வா. (இனி இந்தக் கட்டுரையில் நிறைய கால் வரும். இனிப்பான கால் இது ஒன்றுதான்.)

"தாய்மாமனுக்கு அரை டிக்கெட் உண்டா அண்ணாச்சி?" என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"மீசை முளைச்சிட்டு வே, முழு டிக்கெட்தான். வேணும்னா மீசைக்குத் தனியா அரை டிக்கெட் போடுதேன்."

எதற்கெடுத்தாலும் ஜோக்கடிக்கிற நம்மையே கலாய்க்கிற ஊர்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்கு நடந்தே போகலாம். மொட்டை முடிந்து காது குத்தும்போது பாப்பா அழுததைவிட நான் சத்தமாக அழுது காட்டினேன். ஆசாரி பயந்துபோய் என் காதைத் தடவிப் பார்த்தார். ஒன்பது மணிக்கு எல்லாம் முடிந்து, கோயிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணைப் பூசிக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தோம். தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம்.

வீட்டில் போட்டோகிராபர் அண்ணன் காத்திருந்தார். அக்காவின் மாமியார், எனக்கு அத்தை, பீரோவிலிருந்து ஒரு கண்ணாடிப் பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே ஒரு ஜோடி சின்னச் செருப்பு. சிவப்புப் பட்டு, பூவேலை, கூரான முனை. அத்தையின் மாமனார் மலேயாவில், பினாங்கில் கடை வைத்திருந்தபோது வாங்கி வந்ததாம். குழந்தைச் செருப்பு, ராசியானது என்று அந்த வீட்டின் தலைப்பிள்ளைகளுக்கெல்லாம் அதைப் போட்டுத்தான் முதல் போட்டோ. போட்டுவிடுவது தாய்மாமன் வேலை. சுவரில் அத்தையின் வீட்டுக்காரர், அவர் மகனான என் அத்தான், இரண்டு பேரும் கைக்குழந்தையாக அந்தச் செருப்போடு இருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்றாம் மாதமே எடுத்துவிட்டார்கள். அத்தானுக்குத் துபாயிலிருந்து வர இப்போதுதான் லீவு கிடைத்ததால் பாப்பாவுக்குத்தான் ஒரு வயது ஆகிவிட்டது.

நான் முதலில் இரண்டு விரலைச் செருப்புக்குள் விட்டு மேஜையில் அன்னநடை நடந்து காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பாப்பா காலில் மாட்டினேன். நுழையவில்லை. குதிகால் வெளியே நின்றது.

"விரலை மடக்கி அழுத்துலே, போயிரும்," என்றார் அத்தை.

மடக்கினேன். அழுத்தினேன். பாப்பா வீறிட்டாள். அக்கா எழுந்தே விட்டாள். நான் செருப்பை உருவினேன். ஏன் நுழையவில்லை என்று திருப்பிப் பார்த்தபோதுதான் அடிப்பாகம் கண்ணில் பட்டது. குதிகால் பக்கம் தேய்ந்திருந்தது, நடந்து நடந்து தேய்ந்த மாதிரி. நடக்கத் தெரியாத குழந்தை எப்படி நடந்திருக்கும்?

போனில் படம் எடுத்துத் தேடினேன். வந்ததை இரண்டு தடவை படித்தேன். அது குழந்தைச் செருப்பே இல்லை. வளர்ந்த சீனப் பெண்கள் போட்டது.

பெண்குழந்தைக்கு நாலைந்து வயதிலேயே தொடங்குவார்களாம். பெருவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கையும் உள்ளங்காலுக்கு அடியில் மடக்கி, நீளமான துணியால் இறுக்கிக் கட்டுவது. அந்தக் கட்டோடேயே நடக்க விடுவது. விரல் ஒடியும். பாதமும் நடுவில் ஒடிந்து வளையும். அவிழ்ப்பது கழுவுவதற்கு மட்டும்தான், கழுவிய பிறகு முன்னைவிட இறுக்கம். சீழ் பிடித்து விரலே விழுவதும், செத்துப்போவதும் உண்டு. பாதம் மூன்று அங்குலத்தில் நின்றுவிட்டால் அதற்குப் பெயர் தங்கத் தாமரை. பல நூறு வருடம் இது நடந்திருக்கிறது. அரசாங்கம் தடை போட்ட பிறகும் ஒளித்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சின்னப் பாதம் இருந்தால்தான் நல்ல இடத்தில் மாப்பிள்ளை. நம்மூரில் கல்யாணத்தைக் கிண்டலாகக் கால்கட்டு என்போம். அங்கே கல்யாணத்துக்காக நிஜமாகவே கட்டியிருக்கிறார்கள்.

விரலை மடக்கி அழுத்தியது நான்தானே, ஒரு நிமிடம் முன்னால்.

சொன்னேன். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "போன்ல எதையோ பாத்துட்டு எங்க வீட்டு ராசியைப் பேசுதான். ஒரு போட்டோவுக்குத்தானே, பாதி நுழைஞ்சாப் போதும். போடுலே."

அந்த வீட்டில் இருக்கப்போவது நான் இல்லை, அக்கா. நான் முரண்டு பிடித்தால் பேச்சு அவளுக்குத்தான் விழும். அவளைப் பார்த்தேன். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அத்தையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். பாப்பாவின் இரண்டு காலையும் முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள்.

"போடாண்டாம் அத்தை."

அத்தான் சீலிங் ஃபேனைப் பார்த்தார். அத்தை செருப்பைப் பிடுங்கித் திருப்பினார். தேய்ந்த இடத்தில் கட்டைவிரல் நின்றது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றது.

"யாருலே இப்படிக் கட்டிவிடுவாவ?"

"பெத்த அம்மாதான் அத்தை. இல்லாட்டி வீட்டுல உள்ள பெரிய பொம்பளைங்க."

அத்தை செருப்பைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. தரையிலும் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, "வெறுங்காலோட எடுங்க தம்பி," என்றார் போட்டோகிராபரிடம். என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டில் எனக்கு இரண்டு அப்பளம் அதிகமாக விழுந்தது.

நீங்கள் போவதாக இருந்தால்: கோயில் நடை மத்தியானம் சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். ஆடித்தபசுத் திருவிழா சமயம் கூட்டத்தில் நம் கால் எது, அடுத்தவர் கால் எது என்று தெரியாது. திருநெல்வேலிக்குத் திரும்ப அடிக்கடி பஸ் உண்டு. இந்த ஊரின் பெயர் பெற்ற பிரியாணியைச் சாப்பிடாமல் ஏறாதீர்கள். உங்கள் வீட்டுப் பீரோவில் கப்பலில் வந்த ராசிப் பொருள் ஏதாவது இருந்தால், ஒருமுறை திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

நேற்று அக்கா போட்டோவை அனுப்பினாள். அத்தை மடியில் மொட்டைப் பாப்பா. முகம் தெளிவாக விழுந்திருக்கிறது, கால் இரண்டும் ஒரே மங்கல். உதைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வேறு படம் எடுக்கலாமா என்று போட்டோகிராபர் கேட்டாராம். இதையே பெரிதாகப் போடச் சொல்லிவிட்டாராம் அத்தை.