அப்பாவைக் கீழே இறக்கும் திட்டம்

அந்த யோசனை எனக்குத் தோன்றியபோது என் ஒரு கையில் வெங்காயப் பை, மறு கையில் அப்பாவின் மருந்துப் பை. எங்கள் கட்டடத்தின் வாசற்கதவில் புதிதாக ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. கட்டடத்தின் சொந்தக்கார நிறுவனம் வங்கிக்குக் கட்டவேண்டியதைக் கட்டவில்லை. வங்கி நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. நீதிமன்றம் இந்தக் கட்டடத்துக்கு ஒரு நிர்வாகியை நியமித்திருக்கிறது. இனி வாடகை அவரிடம் போகும். வீட்டை நல்ல நிலையில் வைத்திருக்கும் பொறுப்பும் அவருடையது. அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மருந்துப் பையைப் பல்லில் கவ்விக்கொண்டு அதைப் படம்கூட எடுத்தேன்.

விஷயம் இதுதான்: என் அப்பா நாலாம் மாடியில் அடைபட்டுக் கிடந்தார். எங்கள் மின்தூக்கி செத்து வெகுகாலம். இடுப்பில் சத்திரசிகிச்சை முடிந்து அப்பா வந்த அன்று அம்புலன்ஸ்காரர்கள் அவரை நாற்காலியில் வைத்து மேலே தூக்கி வந்தார்கள். அதன் பிறகு அவர் இறங்கவில்லை. இந்த ஜேர்மன் ஊரில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே வெளி, பல்கனி. அங்கே இருந்துகொண்டு கீழே ட்ராம் நிறுத்தத்தில் நிற்பவர்களையெல்லாம் விமர்சிப்பார். ஆர் ஓடிப் பிடிப்பான், ஆர் தவறவிடுவான் என்று எனக்கு முன்கூட்டியே சொல்லுவார்.

பிறகொரு நாள் நிறுவனத்திலிருந்து ஒரு ஆள் துளைகருவியோடு வந்தான். பல்கனிகளிலிருந்து கொங்கிறீற்றுத் துண்டுகள் விழுகின்றனவாம். ஒவ்வொரு வீட்டிலும் பல்கனிக் கதவைச் சட்டத்தோடு சேர்த்துத் திருகாணி இறுக்கினான். தற்காலிக நடவடிக்கை என்றான். அம்மாவின் கறிவேப்பிலைச் சாடி வெளியே நின்றது. அதை எடுக்க ஒரு நிமிடம் தா என்று அம்மா கேட்டு முடிப்பதற்குள் அவன் அடுத்த வீட்டில் நின்றான். அதற்குப் பிறகு அந்த நிறுவனத்தின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும், ஒருவரும் எடுப்பதில்லை.

அப்பா தன் நாற்காலியைக் கண்ணாடிக்கு முன்னால் போட்டுக்கொண்டார். கறிவேப்பிலை அந்தப் பக்கம் காய்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் அதைப் பார்த்து, "நீ உள்ள வரேலாது, நான் வெளிய வரேலாது. ரெண்டுபேரும் நல்லா மாட்டினம்," என்றார். அறைக்குள் வேறு யாரும் இல்லை என்று நினைத்துச் சொன்னது.

ஆகவே நான் நாலு மாடியையும் ஓடியே ஏறினேன்.

"அம்மா! இந்த வீட்டுக்குக் கோட்டாலை ஆள் போட்டிருக்கினம்!"

அம்மா அடுப்படியிலிருந்து பயந்துபோய் எட்டிப் பார்த்தார். "கோட்டாலையோ? நாங்கள் என்னத்தைக் களவெடுத்தனாங்கள்?"

நான் கட்டடப் பொறியியல் படிக்கிறேன். இப்படியொரு நிர்வாகி உண்டென்று வகுப்பில் ஒரு பேராசிரியர் போகிற போக்கில் சொல்லி, பரீட்சைக்கு வராது என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தார். எனக்கு அது போதும். பல்கனி, மின்தூக்கி, பூஞ்சணம், படிக்கட்டின் அடியில் ஓடும் வெடிப்பு, எல்லாவற்றையும் அன்றே எழுதி அனுப்பினேன். பதிலும் வந்தது! நிர்வாகி ஒரு பெண் வழக்கறிஞர். நேரில் வந்து பார்க்கிறேன் என்று நாளும் நேரமும் குறித்து ஒரு டெர்மின் தந்திருந்தார். கட்டடத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். அங்கேதான் பிழைவிட்டேன்.

டெர்மினுக்கு வகுப்பிலிருந்து நேரே ஓடி வந்தேன். வாசலைத் திறந்ததும் பெயின்ற் மணம். மூன்றாம் மாடித் திருப்பத்தில் எங்கள் எதிர்வீட்டு அண்ணை ஏணியில் நின்றார். அவருக்கு வெளியேயும் அதே தொழில்தான். படிக்கட்டின் அடிப்பக்கம் பளீரென்று வெள்ளை. வெடிப்பைக் காணவில்லை.

"அண்ணை! என்ன செய்யிறியள்?"

"கண் தெரியேல்லையே? பெயின்ற் அடிக்கிறன்."

"அந்த வெடிப்பைக் காட்டத்தானே அவவை வரச் சொன்னனான்!"

"உனக்கென்ன விசரே பிள்ளை? வெள்ளைக்காரி வந்து பாத்திட்டு, தமிழாக்கள் வீட்டை இப்பிடியோ வைச்சிருக்கினம் எண்டு சொல்லிப்போட்டுப் போகட்டோ? வேலைக்கு லீவு போட்டெல்லோ அடிக்கிறன்."

மேலே இன்னும் மோசம். அம்மா பூஞ்சணம் பிடித்த சுவருக்கு முன்னால் அலுமாரியை இழுத்து வைத்திருந்தார். பல்கனிக் கதவில் தீபாவளிக்கென்று வாங்கிய புதுத் திரைச்சீலை. மழைக்கு ஒழுகும் இடத்தில் எப்போதும் இருக்கும் வாளி கட்டிலின் கீழ். எண்ணெயில் வடை.

"அம்மா, அவ உதுகளைப் பாக்கத்தான் வாறா."

"பாக்கட்டுமன். அதுக்காக? ஒரு மனிசி முதன்முதலா வீட்டுக்கு வரேக்குள்ள ஊத்தையையே எடுத்து முன்னால வைக்கிறது?"

"ஊத்தை இல்லையம்மா. அத்தாட்சி."

"அத்தாட்சியைத் துடைச்சுப்போட்டன். போய் முகத்தைக் கழுவு."

நிர்வாகி வந்தார். மலையேறும் சப்பாத்து, கையில் பெரிய டோர்ச். நிலக்கீழ் அறைக்குப் போகத் தயாராக வந்த ஆள். படியேறும்போதே, "குடியிருப்பவர்களே இதற்கு வர்ணம் பூசினீர்களா? நான் எவ்வளவோ மோசமாக எதிர்பார்த்தேன்," என்றார். அண்ணை தூரிகையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரிச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

அம்மா அவரைக் கதிரையில் இருத்தி வடையும் தேநீரும் கொடுத்தார். அவர் ஒரு வடை முடித்து இன்னொன்று எடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் எழுதிய சேதங்கள் எங்கே?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அடுப்படி வாசலில் அம்மா நின்று என்னையே பார்த்தார். எங்கள் வீட்டில் அம்மாவின் அந்தப் பார்வைக்கு எதிரே ஒரு அலுமாரியை நகர்த்துவது பொறியியலால் ஆகிற காரியமில்லை.

அப்போது அப்பா, உணவகச் சமையலறைகளில் பழகிய தன் ஜேர்மன் மொழியில், மிக மரியாதையாகச் சொன்னார்: "உள்ளே சூடு. தேநீரை வெளியே இருந்து குடிக்கலாமே. கதவைத் திறவுங்கள்."

விருந்தாளி எழுந்தார். புதுத் திரையை விலக்கினார். கைபிடியைத் திருப்பி இழுத்தார். கதவு அசையவில்லை. இன்னொருமுறை பலமாக இழுத்தார். பிறகுதான் சட்டம் நெடுக இருந்த திருகாணித் தலைகளையும், கண்ணாடிக்கு அப்பால் குச்சியாய் நின்ற கறிவேப்பிலையையும், மேல்வீட்டுப் பல்கனியின் அடியில் துருப்பிடித்துத் தொங்கும் கம்பிகளையும் கண்டார். கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இவர் கடைசியாக எப்போது வெளியே போனார்?"

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நேரே அலுமாரியிடம் போனார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? அந்தப் பக்கத்தைப் பிடி," என்றார் என்னிடம்.

கதவு திறக்காது என்பதை அப்பா அந்த நேரம் மறந்திருந்தாரா, வேண்டுமென்றே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால், "தேத்தண்ணி வெளியில இருந்து குடிச்சாத்தான் ருசி," என்பார்.

அடுத்த கிழமை ஒரு கட்டட நிபுணரும் வந்தார். பல்கனிக் கதவைத் திருகாணி கழற்றித் திறந்து, தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அந்த இடைவெளியில் அம்மா கையை நீட்டிச் சாடியை உள்ளே இழுத்துவிட்டார். நிபுணர் மறுபடி இறுக்கினார், இந்தமுறை கூடுதலாகவே. படிக்கட்டில் அண்ணையின் வெள்ளையைக் கத்தியால் சுரண்டினார். வெடிப்பு என் கை நீளத்துக்கு, உள்ளே கம்பி சிவந்துபோய்த் தெரிந்தது. "ரெண்டு தரம் அடிச்சனான்," என்று அண்ணை முணுமுணுத்தார்.

எனக்குள் வெற்றி பெற்ற சந்தோஷம். நிர்வாகி என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனார்.

"இதை இப்படியே நகராட்சிக்கு அறிவித்தால் அவர்கள் கட்டடத்தைப் பூட்டி முத்திரை வைக்கலாம். எல்லாரும் அன்றே வெளியேற வேண்டும். அறிவிக்காமல் விட என்னால் முடியாது."

"அப்பாவை எங்கே கொண்டுபோவார்கள்?"

"ஏதாவது ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு. தற்காலிகமாக."

அந்தச் சொல்லை எனக்கு ஏற்கெனவே தெரியும். காட்டாமல் இருந்தால் அப்பா உள்ளே. காட்டினால் அப்பா இன்னொரு இடத்தின் உள்ளே. காட்டு காட்டென்று நின்றவள் நான்.

நிர்வாகி வேகமாக வேலை செய்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். அறிவித்த அன்றே படிக்கட்டின் கீழ் ஒவ்வொரு திருப்பத்திலும் சிவப்பு இரும்பு முட்டுத்தூண்கள் வந்து நின்றன. அதைப் பார்த்த நகராட்சி அதிகாரி, குடியிருக்கலாம் என்று விட்டுவிட்டார். ஒரு நிபந்தனை: படிக்கட்டின் ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே, பெரிய பாரம் எதுவும் தூக்கக்கூடாது. மின்தூக்கியைத் திருத்த வங்கி ஒத்துக்கொள்ளவில்லை. எப்படியும் ஏலத்தில் விற்கப்போகும் வீடு என்று சொல்லிவிட்டது. அவ்வளவு பெரிய செலவுக்கு நீதிமன்றத்தின் சம்மதமும் வேண்டும். வரலாம், வராமலும் போகலாம்.

என்னிடம் அதுவரை ஒரு மாற்றுத் திட்டம் இருந்தது. அண்ணையையும் இன்னும் மூன்று பேரையும் பிடித்து, அப்பாவை நாற்காலியோடு தூக்கி இறக்குவது. அப்பா அதைக் கேட்டவுடனே, "நான் என்ன சாமியே, நாலுபேர் காவிக்கொண்டு வீதி சுத்த?" என்றிருந்தார். இப்போது சாமியைக் காவவும் வழியில்லை. நிபந்தனையை விடுவோம், அளவுநாடாவோடு போய்ப் பார்த்தேன். தூணுக்கும் கைப்பிடிக்கும் நடுவே நாற்காலி நுழையாது. ஒரு சாண் பற்றாது. நான் கேட்டு வாங்கிய தூண்கள்! ஒன்றை உதைத்தேன். கால்தான் நொந்தது.

பிறகு நிர்வாகியே ஒரு வழி சொன்னார். நிலத்தளத்தில் ஒரு வீடு குழாய் வெடித்ததால் நெடுநாளாகக் காலி. அதைத் திருத்தி வாடகைக்கு விட அவருக்கு அதிகாரம் உண்டு. காலி வீட்டை வாடகை வீடாக்கினால் வங்கியும் முகம் சுளிக்காது. "உங்கள் பெற்றோர் விரும்பினால் அவர்களுக்கே," என்றார். ஏலத்தில் யார் வாங்கினாலும் வாடகை ஒப்பந்தம் கூடவே போகும் என்றும் சொன்னார்.

அம்மாவுக்கு விருப்பமில்லை. "கீழ்வீடோ? ரோட்டால போறவனெல்லாம் எங்கட சோத்துக்கோப்பையை எட்டிப் பாப்பான்." ஆனால் மறுநாளே துடைப்பத்தோடு அவர்தான் முதலில் இறங்கி வந்தார். குழாயும் மின்சாரமும் நிர்வாகி அனுப்பிய ஆட்களின் வேலை. மற்றதில் நாங்களும் கை வைத்தோம். வகுப்பு முடிந்ததும் நானும் அண்ணையும் ஊறிப்போன சுவர்த்தாளை உரிப்போம். அடியில் இன்னொரு தாள், அதன் அடியில் இன்னொன்று, கடைசியில் பச்சைப் பூஞ்சணம். "இதுக்கு மேலால பெயின்ற் அடிக்கட்டோ?" என்று அண்ணை ஒவ்வொரு முறையும் என்னைச் சீண்டுவார். சுவர் காயும்வரை ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இரைந்துகொண்டு நின்றது. இப்போது தரை போட்டாயிற்று. பின்பக்க முற்றத்துக்கு ஒரு கதவு இருக்கிறது. திருகாணி இல்லாத கதவு. அம்மா அதைத் திறந்து திறந்து மூடுகிறார்.

வீடு கீழே தயார். அப்பா இன்னும் மேலே.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவருக்கு நடைப்பயிற்சி தர வரும் பெண், இப்போது ஒரு மாடி இறங்கலாம், அதன் பிறகு நன்றாகப் படுத்து ஓய்வெடுக்க வேண்டும், ஒரு நாளைக்கு அதற்கு மேல் வேண்டாம் என்றார். ஒரு மாடி இறங்கி எங்கே படுப்பது, படிக்கட்டிலா? நான் இதை மூன்றாம் மாடி அக்காவிடம் புலம்பினேன்.

"ஏன், எங்கட வீட்டில கட்டில் இல்லையே?" என்றார் அக்கா, கொஞ்சம் கோபமாக.

அப்படியே நின்றுவிட்டேன். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? இரண்டாம் மாடித் துருக்கித் தம்பதியிடம் போனேன். நான் சொல்லி முடிக்கும் முன்னரே அந்த அம்மா விருந்தினர் அறையைத் திறந்து காட்டினார். முதலாம் மாடிப் பல்கேரியக் குடும்பம் தங்கள் சோபாவை விரித்துக் கட்டிலாக்கிக் காட்டியது. ஒரு நாளுக்கு ஒரு மாடி. ஒவ்வொரு மாடியிலும் ஒரு இரவு.

வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகேலாது என்று அம்மா மூன்று வீட்டுக்கும் வடைக்கு உழுந்து ஊறப்போடும் கணக்கில் இருக்கிறார். அப்பா சம்மதித்துவிட்டார், ஒரு நிபந்தனையோடு: "நடந்துதான் போவன். ஒருத்தரும் கையைப் பிடிக்கக்கூடாது." பிடிக்க நினைத்தாலும் முடியாது, ஒரு நேரத்தில் ஒருவர்தானே.

சனிக்கிழமை தொடங்குகிறோம். பாதித் திருப்பத்தில் தூணுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி வைத்தாயிற்று. அண்ணையின் பெயின்ற் வாளியை நான் ஒளித்து வைத்திருக்கிறேன். நான் முதலில் கறிவேப்பிலைச் சாடியோடு இறங்கி அக்காவின் வாசலில் நிற்பேன். அம்மா மேலே நிற்பார். நடுவில் அப்பா மட்டும். மூன்றாம் மாடிக்கு வந்த பிறகு அவரால் திரும்பி ஏற முடியாது. அங்கேயே நின்றுபோனால் இன்னொருவர் வீட்டில் அடைபட்டுவிடுவார், அதற்கு என்னிடம் திட்டம் எதுவும் இல்லை. அதை அப்பாவிடமும் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கொண்டுவரச் சொன்னார், போட்டுப் பழக.