முப்பத்தெட்டுப் படிகளும் இரண்டு சைக்கிள்களும்

எங்கள் வீட்டுக்கு முப்பத்தெட்டுப் படிகள். முதல் மாடிக்குப் பத்தொன்பது, அதற்கு மேல் பத்தொன்பது. வீட்டை விற்றவர் முப்பத்தாறு என்று சொல்லியிருந்தார். மூன்று முறை எண்ணிவிட்டுத்தான் எழுதுகிறேன். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் எண் பார்த்து எழுதுவதே என் வேலையாக இருந்தது. பிறர் சொல்லும் எண்ணை அப்படியே நம்பும் பழக்கம் எனக்கு வரவில்லை.

சங்கரன்கோவிலில் திருவேங்கடம் சாலைப் பக்கம் எட்டு வீடுகள் கொண்ட குடியிருப்பு இது. எங்களுடையது ஐந்நூற்று இருபது சதுர அடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, வாஷிங் மெஷினை வைத்த பிறகு ஆள் நிற்க இடமில்லாத ஒரு பால்கனி. நானும் என் மனைவியும் மட்டும்தான். வந்தபோது இரண்டு சைக்கிள்களுடன் வந்தோம், அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கீழே மாடிப்படிக்கு அடியில் நிறுத்திக்கொண்டிருந்தோம்.

அவள் கிராம நர்ஸாக இருந்தவள். பனவடலிசத்திரத்தைச் சுற்றி எத்தனை ஊர் உண்டோ அத்தனைக்கும் சைக்கிளில் போய் ஊசி போட்டவள். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் மூன்று நாள், பிரஷர் பார்க்கும் கருவியைப் பையில் போட்டு ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, தறிச் சத்தம் ஓயாத தெருவொன்றில் ஐந்து பெண்களைப் பார்க்கப் போகிறாள். அவளை யாரும் வரச் சொல்லவில்லை. ஒரு நாள் போகாவிட்டால் ஐந்து பேரிடமிருந்தும் போன் வரும். ஆட்டோவில் போகலாமே என்று மகன் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். “ஆட்டோக்காரனுக்குப் போன் போட்டு, அவன் வார வரைக்கும் வாசல்லயே நிக்கணுமா? நெனச்ச நேரத்துக்கு நான் கெளம்பணும்லா” என்றாள். என் சைக்கிளின் கேரியரிலும் அவள் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

போன வருடம் ஆயுத பூஜைக்கு நான்கு நாள் முன்பு குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் என்னைப் படியடியில் பிடித்துக்கொண்டார். முதல் மாடிக்காரர், டைல்ஸ் கடை வைத்திருப்பவர், என்னைவிட முப்பது வயது இளையவர்.

“அண்ணாச்சி, இங்கன தண்ணி சுத்தம் பண்ணுத மிஷினு வைக்கப் போறோம். எட்டு வீட்டுக்கும் சேத்து ஒண்ணு. புதன்கிழமை பிளம்பர் வாரான். அதுக்குள்ள சைக்கிள எடுத்துருங்க.”

“எங்க கொண்டுபோய் வைக்கச் சொல்லுதீங்க?”

“வெளிய நிறுத்துனா களவு போயிரும். பழைய இரும்புக்காரன் எனக்குத் தெரிஞ்ச ஆளுதான். சொல்லட்டா?”

“பைக்கு பதினொண்ணு நிக்கே தம்பி. அதுல ஒண்ணை எடுக்கச் சொல்லலாம்லா?”

“அது வண்டி அண்ணாச்சி.”

மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, “அப்ப இது என்ன தம்பி, ஆட்டுக்குட்டியா?” என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குள்தான் வைப்பது என்று அன்றே முடிவு செய்தோம்.

இஞ்ச் டேப்பை எடுத்தேன். என் சைக்கிள் ஆறடி ஒரு அங்குலம். அவளுடையது ஐந்தடி ஏழு. ஹேண்டில் அகலம் இருபத்திரண்டு அங்குலம். இரண்டையும் ஹாலில் நிறுத்தினால் நடப்பதற்கு மிஞ்சுவது பதினோரு அங்குலம். நான் பக்கவாட்டில் நடந்தாலும் பன்னிரண்டு வேண்டும். காகிதத்தில் ஏழு படங்கள் வரைந்தேன். ஆறு தேறவில்லை. ஏழாவதில் அவளுடைய சைக்கிளின் ஹேண்டிலைத் தளர்த்தித் திருப்பி, வாசல் கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி வைத்தேன். கதவு முழுக்கத் திறக்காது, முக்கால்வாசி திறக்கும். அது போதும். என்னுடையதற்குப் படுக்கையறை மூலை. அங்கே கூரையில் ஒரு தொட்டில் கொக்கி இருந்தது. எங்கள் பேரப்பிள்ளைகள் தொட்டில் வயதைக் கடந்து கல்லூரியில் படிக்கிறார்கள். முன்சக்கரத்தைக் கயிற்றில் கட்டிக் கொக்கியில் மாட்டினால் சைக்கிள் பின்சக்கரத்தில் நிமிர்ந்து நிற்கும். மூன்றரை அடிக்கு இரண்டடி இடத்தோடு முடிந்துவிடும்.

ஆனால் அந்தக் கொக்கியை எப்படி நம்புவது? எங்கள் கட்டில் அதற்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைக் கட்டி ஒரு முழு நாள் தொங்கவிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அரிசி வாங்கி வந்து கட்டும்போது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மணி ஐந்தே கால். அப்படியானால் புதன் சாயங்காலம் ஐந்தே காலுக்குத்தான் கொக்கி தேறியதா என்று தெரியும். பிளம்பர் வருவதோ காலை பத்து மணிக்கு. ஏழே கால் மணி நேரம் உதைத்தது.

புதன்கிழமைதான் ஆயுத பூஜை. காலை எட்டு மணிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம், நான்கு எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். வழக்கமாகப் பூஜையை என் மனைவிதான் போடுவாள். அன்று நான் முந்திக்கொண்டேன். சைக்கிளுக்கு ஒன்பது பொட்டு வீதம் வைத்து, பூவைப் பாதிப் பாதியாக இரண்டு ஹேண்டிலிலும் சுற்றி, சக்கரத்துக்கு ஒரு பழம் வைத்துச் சூடமும் காட்டினேன். பக்தியால் மட்டும் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பத்து மணிக்குப் பிளம்பர் வந்தார். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. சைக்கிள்களைப் பார்த்தார், பையைக் கீழே வைத்தார்.

“இத எடுத்துத் தள்ளி வையும் வே” என்றார் செயலாளர்.

“பூச போட்டுருக்குல்லா! நான் தொட மாட்டேன். என் ரெஞ்ச்சையே வீட்டுல பூசைக்கு வச்சிட்டு, இரவல் ரெஞ்ச்சு வாங்கிட்டு வந்திருக்கேன்.”

செயலாளர் என் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி, வேணும்னே செஞ்சியளா?”

“சாயங்காலம் அஞ்சே காலுக்கு நானே எடுத்துருதேன் தம்பி” என்றேன்.

“யாரு எடுக்கது?” என்று மேலிருந்து குரல் வந்தது. என் மனைவி படி இறங்கி வந்தாள். “பூச போட்டத விஜயதசமி விடியாம நகத்தக் கூடாது. நீங்கதான பொட்டு வச்சிய? நீங்களே எடுத்துருவியளோ?”

நான் போட்ட கணக்கில் இது மட்டும் விட்டுப்போயிருந்தது. அடுத்தவர் கையைக் கட்ட நினைத்து என் கையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். செயலாளரும் பூஜை போடுகிறவர்தான். அவருடைய பைக்கிலும் மாலை தொங்கியது. மிஷினை மோட்டார் அறை ஓரமாகப் பொருத்தச் சொன்னார். தண்ணீர் சேரும் தொட்டி மட்டும் பிறகு படியடிக்கு வரும் என்றார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஐந்தே காலுக்குக் கொக்கி தேறியது. மூட்டை ஒரு நூல்கூட இறங்கவில்லை.

விஜயதசமி காலையில் நான்கு பழங்களையும் சக்கரம் ஏற்றி நசுக்கிவிட்டு, சைக்கிள்களை மேலே தூக்க ஆரம்பித்தோம். முன்னால் ஹேண்டிலை நான் பிடித்தேன், பின்னால் கேரியரை அவள். நான் முன்னால் ஏறுவதால் அவள் பிடித்துவிட்டாளா, மூச்சு வாங்குகிறாளா என்று எனக்குத் தெரியாது. அதற்காக அவளே ஒரு வழி செய்தாள். அவள் சைக்கிளின் மணியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு தடவை அடித்தால் தூக்கு, இரண்டு தடவை அடித்தால் நில். முதல் நாள் இரண்டு சைக்கிளுக்கும் சேர்த்துப் பதினான்கு இடத்தில் நின்றோம். மூன்றாவது வாரம் ஆறாகக் குறைந்தது.

தினமும் காலையில் இறக்க வேண்டும், திரும்பி வந்ததும் ஏற்ற வேண்டும். ஒன்றை இறக்கி, வெறுங்கையோடு ஏறி, அடுத்ததை இறக்க வேண்டும். திரும்பும்போதும் அப்படியே. ஆறு நடை, இருநூற்று இருபத்தெட்டுப் படி. எனக்கு வலது முழங்கால் இரவெல்லாம் வலித்தது. அவளிடம் சொல்லவில்லை. கட்டிலில் படுத்தபடி கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஐந்தாவது வாரம் செயலாளர் வீட்டுக்கே வந்தார். முக்கால்வாசி திறந்த கதவுக்குள் உடம்பைச் சுருக்கிக்கொண்டு நுழைந்தார்.

“அண்ணாச்சி, ஒங்க ரெண்டு பேருல ஒருத்தர் உருண்டு விழுந்து வச்சா என் தலையிலதான் விடியும். தொட்டி வச்ச பெறகும் படியடியில ஒரு சைக்கிள் நிக்க எடம் இருக்கு. ஒண்ணே ஒண்ணு. அத வச்சுக்கிடுங்க.”

நான் அதற்குள் மனதில் கணக்குப் போட்டுவிட்டேன். எழுபத்தாறு படியாகக் குறையும். நூற்று ஐம்பத்திரண்டு மிச்சம். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“யாரு சைக்கிளு?” என்று கேட்டாள் என் மனைவி.

“அது… ஒங்க இஷ்டம்க்கா.”

“ஒண்ணு கீழ நிக்கும். இன்னொண்ண மேல இருந்து எறக்க இவுகளுக்கு இன்னைக்கு முழங்காலு, நாளைக்கு இடுப்பு. பத்து நாளுல அது கட்டிலுக்குப் பக்கத்துலயே நின்னுரும். பெறகு கீழ நிக்கதுல இவுக ஓட்டுவாக, நான் கேரியர்ல. எனக்கு ஒரு எடத்துக்குப் போகணும்னா இவுகளுக்குத் தோதுப்படணும். வேண்டாம் தம்பி. ரெண்டுக்கு எடம் இருந்தா சொல்லுங்க. இல்லன்னா நாங்க தூக்கிக்கிடுதோம்.”

முழங்கால் விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

செயலாளர் என்னைப் பார்த்தார். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியுமா என்று நானும் யோசித்தேன். பத்து நாள் என்றது மட்டும் சரியில்லை. என் முழங்காலுக்கு ஆறு நாள் போதும்.

“ரெண்டு எடம்னா சொல்லுங்க தம்பி” என்றேன்.

இதை எழுதும் இன்றுவரை இரண்டாவது இடம் வரவில்லை. கொடுக்க முன்வந்த அந்த ஓர் இடத்தில் யாரோ ஒரு பூந்தொட்டியை வைத்திருக்கிறார்கள். நான் முழங்காலுக்கு உறை மாட்டிக்கொள்கிறேன். பெடல் சுவரில் உரசாமல் இருக்கப் பழைய பனியனைச் சுற்றியிருக்கிறேன். இன்று அவளுடைய ஐந்து பெண்களின் நாள். காலையில் என் சைக்கிளை இறக்கி வைத்துவிட்டு ஏறி வந்தோம். அவளுடையதன் ஹேண்டிலை நேராக்கி முடுக்கி, வாசலுக்குத் தள்ளி, நான் முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் மணி ஒரு தடவை அடித்தது. தூக்கினேன்.