கிண்ணியா டீச்சரும் இரண்டு உப்புகளும்

நானும் அவரும் ஒரே வருடத்தில்தான் திருகோணமலையில் அந்தப் பெண்கள் பாடசாலைக்கு மாற்றலாகி வந்தோம். நான் கணிதம் படிப்பித்தேன், அவர் மனையியல். பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் அவர் கிண்ணியா டீச்சர். காலையில் துறையடியில் பாதை ஏறுவார். வாகனங்களையும் ஆட்களையும் சேர்த்துக் கடத்தும் அந்தத் தட்டைப் படகுக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். அக்கரையில் பஸ் பிடித்து, சீனக்குடா தாண்டி, நெரிசலில் நின்றபடியே நகரத்துக்கு வந்து சேர்ந்தாலும் முக்காட்டின் மடிப்புக் கலைந்திருக்காது. ஆசிரியர் அறைக்குள் கால் வைக்கும்போதே அன்றைய பயணத்தில் நடந்த ஏதாவதொரு கதையைத் தொடங்கிவிடுவார்.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஒருநாள் சமையல் வகுப்பில் மா பிசைந்து காட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று கதிரையில் உட்கார்ந்துவிட்டார் என்று பிள்ளைகள் ஓடி வந்து சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். முகம் வேர்த்து, கையில் மா ஒட்டியபடி இருந்தார்.

“நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுற மாதிரி இரிக்கு டீச்சர்” என்றார்.

மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை. சில துடிப்புகள் ஓடி வந்தன, பிறகு ஒன்றுமில்லை, பிறகு கூட்டமாக மறுபடியும். கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே இருந்த டொக்டர் யாழ்ப்பாணத்தவர், எங்களைவிட வயது குறைந்தவர். ஈ.சி.ஜி. தாளை நீளமாக விரித்துப் பார்த்தார். சின்ன வயதில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்திருந்தது.

“அந்தக் காய்ச்சல் வால்வைப் பழுதாக்கிப்போட்டுது. இப்ப இதயத்தின்ர மேலறைகள் ஒழுங்கா அடிக்காமல் நடுங்குது.”

“நிக்குமா டொக்டர், இந்த நடுக்கம்?” என்று டீச்சர் கேட்டார்.

“நிக்கும் எண்டு சொல்ல ஏலாது. ஆனா கட்டுப்படுத்தலாம்.”

டீச்சர் விரலில் காய்ந்திருந்த மாவைத் துடைத்துவிட்டார். பிறகு, “அப்ப எப்படிக் கட்டுப்படுத்துறது எண்டு சொல்லுங்க, கேப்பம்” என்றார். அந்தக் குரலில் நடுக்கம் இருக்கவில்லை. அவரை நான் மதிக்கத் தொடங்கியது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அதுவரை அவர் எனக்கு நல்ல சிரிப்புக்காரி மட்டும்தான்.

இதயத்துக்கு ஒரு சின்னக் குளிசை, கால் வீக்கத்துக்கு நீர் போகும் குளிசை. நீரோடு பொட்டாசியம் என்ற உப்பும் போய்விடும், அது குறைந்தால் இதயம் இன்னும் தடுமாறும் என்று டொக்டர் சொன்னார். அதற்கொரு குளிசையும் தந்து, செவ்விளநீரும் வாழைப்பழமும் அளவோடு சேர்க்கச் சொன்னார்.

அளவோடு என்ற சொல்லை டீச்சரைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை. செய்தி பரவியதும் சாம்பல்தீவுப் பிள்ளைகள் வாழைக்குலை கொண்டுவந்தார்கள். ஆசிரியர் அறையின் மூலையில் செவ்விளநீர் குவிந்தது. டீச்சர் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி வாங்கி, தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை எங்களுக்கு வெட்டிக் கொடுத்தார். அந்தப் பாடசாலைத் தவணை முழுக்க எங்கள் எல்லோருக்கும் பொட்டாசியத்தில் குறைவே இருந்திருக்காது.

இத்தனை செய்தும் அவருக்குச் சுகமில்லை. கெண்டைக்கால் முறுக்கி இழுத்தது. கண் இமை துடித்தது. மாடிப்படி ஏறினால் மீன் மறுபடி துள்ளியது. கப்பலில் வேலை செய்த அவருடைய கணவரின் தம்பி அந்த நேரத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து இரண்டு போத்தல் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றில் பொட்டாசியம், மற்றதில் மக்னீசியம். “சும்மா சத்துக் குளிசைதானே மதினி, கூடக் குடிச்சா கெதியாச் சுகம் வரும்” என்றாராம்.

கால் இழுக்கும் வேதனையில் வேறு யாராக இருந்தாலும் அன்றே மூடியைத் திறந்திருப்பார்கள். நானாக இருந்தால் நிச்சயம் திறந்திருப்பேன். அவர் முத்திரை உடைக்காமல் இரண்டையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தார். துணைக்கு நானும் போயிருந்தேன்.

டொக்டர் முதல் போத்தலைத் தூக்கிப் பார்த்து அதிர்ந்துபோனார். “ஏற்கெனவே குடிக்கிறதோட இதையும் குடிச்சிருந்தா என்ன நடந்திருக்கும் தெரியுமா? இந்த உப்புக் குறைஞ்சா இதயம் தடுமாறும். அளவுக்கு மிஞ்சினா நிண்டே போகும்.”

“அதுக்குத்தானே உங்களிட்டக் கொண்டுவந்தன்” என்றார் டீச்சர். “மற்றப் போத்தல்ல என்ன இரிக்கு? அது எனக்கு வேணுமா, வேணாமா?”

டொக்டர் அந்தப் போத்தலையும் தூக்கி வாசித்தார். கால் இழுப்பதைப் பற்றியும் இமை துடிப்பதைப் பற்றியும் மறுபடி கேட்டார். இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். முடிவு வரச் சுணங்கியது. வந்தபோது, அத்தனை குளிசைக்கும் இளநீருக்கும் பிறகும் பொட்டாசியம் குறைவாகவே இருந்தது. மக்னீசியமும் குறைவு.

“நீர்க் குளிசை ரெண்டையும்தான் கொண்டுபோகுது. மக்னீசியம் குறைஞ்சா, பொட்டாசியத்தை எவ்வளவு குடுத்தாலும் உடம்பு பிடிச்சு வைக்காது. நீங்கள் கேட்டது நல்லதாப் போச்சு டீச்சர்.”

சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு, ஆஸ்பத்திரி மருந்தாகவே மக்னீசியம் தொடங்கினார். சிங்கப்பூர்ப் போத்தல்கள் டொக்டரின் அலுமாரிக்குள் போயின.

அந்த மருந்து வயிற்றைக் கலக்கிவிட்டது. ஒரு காலை பஸ் சீனக்குடாவை நெருங்கும்போது தாங்க முடியாமல் சாரதியிடம் சொல்லி இறங்கி, ரயில்வே குவாட்டர்ஸில் முன்பின் தெரியாத ஒரு சிங்களப் பெண்ணின் கதவைத் தட்டினார். சிங்களம் அவருக்கு வராது. வயிற்றைப் பிடித்துக் காட்டியதும் அந்தப் பெண் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கழிப்பறையைக் காட்டி, பிறகு வெறும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாளாம். இதை டீச்சர் நடித்தே காட்டியபோது எங்கள் அறையில் பாடசாலை அதிபர் உட்பட எல்லோருக்கும் சிரித்துக் கண்ணீர் வந்தது.

சிரிப்பு அடங்கியதும் பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

“எங்க டீச்சர் போறியள்?” என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரிக்கு. இப்படிப் போனா உள்ள இரிக்கிற பொட்டாசியமும் சேர்ந்து போகும்தானே. பாடம் முடியும் வரைக்கும் பாத்துக்கொண்டு இரிக்க ஏலா.”

டொக்டர் அளவைக் குறைத்து, சாப்பாட்டோடு பிரித்து எடுக்கச் சொன்னார். அதன் பிறகு வயிறு அடங்கியது. கெண்டைக்கால் இழுப்பும் மெல்ல மெல்ல விட்டது. இரத்த முடிவும் நன்றாக வந்தது. நாடி ஒழுங்காகவில்லை, ஆனால் ஓட்டம் தணிந்தது. மாடிப்படியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கி, மேலே வந்து வகுப்பெடுத்தார்.

நோன்பு மாதம் வந்தபோது டொக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், நோன்பு பிடிக்கலாமா என்று. அவர் மறுத்தார். பகல் முழுக்கத் தண்ணீரில்லாமல் இந்தக் குளிசைகளோடு இருக்கவே கூடாது என்றார். திரும்பி வரும் வழியில் டீச்சர் கடையொன்றில் கஞ்சிக்கு அரிசி வாங்கினார்.

அந்த மாதத்தில் ஒருநாள் கிண்ணியாவுக்கு என்னை அழைத்தார். குசினியில் பெரிய பானையில் நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அயலில் கஷ்டப்பட்ட குடும்பங்களுக்குத் தினமும் அவர் கையாலேயே காய்ச்சி அனுப்புவதாக அவருடைய கணவர் சொன்னார்.

“எனக்குப் பிடிக்க ஏலாத நோன்புக்குப் பதிலா ஏழைகளுக்குச் சாப்பாடு குடுக்க மார்க்கத்தில வழி இரிக்கு” என்றார் டீச்சர், அகப்பையால் துழாவியபடி. “ஆனா மனசு கேக்குதில்ல. சின்ன வயசில இரிந்து விட்டதில்ல நான். விடிய முந்திச் சஹர் சாப்பாட்டுக்கு எல்லாரும் எழும்பக்குள்ள நானும் எழும்பிப் போய் அவங்களோட இரிப்பன். பகல்ல குளிசைக்குத் தண்ணி குடிக்கக்குள்ளதான் அழுகை வரும்.”

நான் பக்கத்தில் நின்று கோப்பைகளை எடுத்துக் கொடுத்தேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் எல்லோரும் பேரீச்சம்பழத்துக்குக் கை நீட்டினார்கள். அவரும் ஒன்று எடுத்தார். தட்டைத் தள்ளி என்னிடம் வைத்து, “நீங்க சாப்பிடுங்க, உங்களுக்கு அளவில்ல” என்று சிரித்தார்.

எண்பதுகள் பிறக்கும்போதும் அவர் படிப்பித்துக்கொண்டுதான் இருந்தார். அவருடைய ஒரு மகள் ஆசிரியர் பயிற்சிக்குப் போய்விட்டாள். அந்த நாட்களில் ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு மாணவியின் தாய் பாடசாலைக்கு வந்தாள். தனக்கும் நெஞ்சு படபடக்கிறது, டீச்சர் குடிக்கிற உப்புக் குளிசையில் கொஞ்சம் தந்தால் போதும், ஆஸ்பத்திரியில் காத்துக் கிடக்க ஏலாது என்று கெஞ்சினாள்.

டீச்சர் அவளைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தார். “தங்கச்சி, என்ட குளிசை என்ட உடம்புக்கு அளந்தது. உங்கட உடம்புக்கு அது நஞ்சாகவும் போகலாம். வாங்க, நானும் வாறன்” என்றார்.

தன் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார். யன்னலால் பார்த்தேன். அந்தத் தாய் விறுவிறென்று முன்னால் போய், திரும்பி, டீச்சர் வரும்வரை நின்றாள். டீச்சர் வாசலடியில் ஒருமுறை மூச்சு வாங்கினார். பிறகு அவளுடைய தோளில் கை வைத்து ஏதோ சொல்ல, அழுதுகொண்டு வந்தவள் சிரித்துவிட்டாள். இருவரும் கடற்கரை வீதியால் ஆஸ்பத்திரிப் பக்கம் மெல்ல நடந்து போனார்கள்.